வாப்பாவின் கணக்கு நோட்டை இனி யார் படிப்பது?

கடல் கடந்து பிழைக்கப் போன சபராளி வாப்பாக்களைப் பற்றிப் பேச்சு வந்தால் நாகூரில் எல்லாரும் பெட்டியில்தான் தொடங்குவார்கள். கோடாலித் தைலம், கைலி, வாசனைப் பவுடர், பிஸ்கட் டின். பெட்டி திறக்கிற அன்று தெருவே வீட்டுக்குள் நிற்கும். என் வாப்பாவும் சிங்கப்பூரிலிருந்து பெட்டியோடு வந்தவர்தான். ஆனால் அவரைப் பற்றி எழுதச் சொன்னால் நான் எடுப்பது நீளவாக்கில் தைத்த கணக்கு நோட்டு ஒன்றை.

1926 முதல் ஓடிக்கொண்டிருந்த ‘ரஜூலா’ கப்பலில் ஐம்பதுகளில் நாகப்பட்டினத்தில் டெக் டிக்கெட்டில் ஏறி, பினாங்கு தொட்டுச் சிங்கப்பூர் போய் இறங்கியவர் வாப்பா. தெலுக் ஆயர் பக்கம் காப்பிக்கடைச் சுவரோரம் ஓர் ஒட்டுக்கடை போட்டார். வெற்றிலை, சிகரெட், சோடா, ‘தமிழ் முரசு’. முதல் போட்டவர் ஓர் ஊர்க்காரர். அதை அடைத்து முடிக்கச் சில வருஷம் ஆனது.

அந்த வட்டாரம் நாகூர்க்காரர்களுக்கு அந்நியமில்லை. தெலுக் ஆயர் தெருவில் 1828-30இல் எழுந்த நாகூர் தர்கா. சற்றுத் தள்ளி அல் அப்ரார் பள்ளிவாசல். 1827இல் குடிசையாகத் தொடங்கியதால் நம்மவர்களுக்கு அது ‘குச்சுப் பள்ளி’. சவுத் பிரிட்ஜ் ரோட்டில் ஜாமிஆ சூலியா, அதாவது ‘பெரிய பள்ளி’. தொழுததும் அங்கேதான், வேலை விசாரித்ததும் அங்கேதான், ஊருக்குப் போகிறவர் கையில் பணமும் கடிதமும் கொடுத்தனுப்பியதும் அங்கேதான். பாங்கு சொன்னால் வாப்பா கடைப்பலகையைப் பாதி சாத்திவிட்டுக் கிளம்பிவிடுவார். தான் இல்லாத நேரத்தில் ஒருவரும் ஒரு சிகரெட்டைத் தொட்டதில்லை என்று பெருமையாகச் சொல்வார். போகுமுன் சிகரெட்டை எண்ணி வைத்ததில்லை என்பது வேறு விஷயம்.

நோட்டுக்கு வருகிறேன். முன்பக்கமிருந்து புரட்டினால் கடைக்கடன். தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கமிருந்து புரட்டினால் ஜகாத்தும் சதகாவும். ரமலானுக்கு முன் சரக்கு, கைரொக்கம், வரவேண்டிய பாக்கி எல்லாவற்றையும் கூட்டி, நூற்றுக்கு இரண்டரை தனியே எடுத்துவைப்பார். ஒரு வருஷம் துறைமுகத் தொழிலாளி ஒருவரின் கடன் பெருகி, வசூலாகாது என்று தெளிவாகிவிட்டது. கடையில் கூட இருந்த என் நானா, அதாவது அண்ணன், “அந்தக் கடனைத் தள்ளிவிட்டு அதையே ஜகாத்தாக எழுதிக்கொள்ளலாமே, வாப்பா” என்றார். கணக்குப்படி நல்ல யோசனை. வாப்பா ஆலிமிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தார். கடனை மன்னிப்பது தனி நன்மை, ஜகாத் ஏழையின் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது ஷாஃபி மத்ஹபில் வலுவான கருத்து. ஆக அந்தக் கடனை அடித்துவிட்டு ஜகாத்தையும் முழுசாகக் கொடுத்தார். பெருநாள் வரை நானா முகம் கொடுத்துப் பேசவில்லை.

நோட்டின் பின்பக்கத்தில் ஒரு பெயரும் இருக்காது. “மேலத்தெரு – கண் ஆபரேஷன்.” “தைக்கால் பக்கத்து வீடு – குமர் காரியம்”, அதாவது பெண்ணின் கல்யாணம். “வலைக்காரர் – கூரை.” “கணக்கப்பிள்ளை மகன் – பரீட்சைப் பணம்.” நோட்டு நாலு பேர் கையில் புரளும், பெயர் எதற்கு என்பார். வாங்கியவர்களிலும் பலருக்கு அனுப்பியவர் யாரென்று தெரியாது. ஊரிலிருந்து இத்தனை தூரத்தில், ஒட்டுக்கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மனிதருக்கு மேலத்தெருவில் யாருக்குக் கண் தெரியவில்லை என்பது எப்படித் தெரிந்தது?

உம்மாவின் கடிதங்களால். உம்மாவுக்குத் தமிழ் எழுத்துப் பழக்கமில்லை. ஓதப்போன இடத்தில் கற்ற அரபு எழுத்தில் தமிழை எழுதுவார். அறபுத்தமிழ் என்ற அந்த எழுத்துமுறை, அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளி மாற்றிய சில எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டது. அந்தத் தலைமுறைப் பெண்கள் பலர் வலமிருந்து இடமாகத்தான் புருஷன்மாரை நலம் விசாரித்தார்கள். நெல் விலை, பிள்ளைகளின் காய்ச்சல், யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்ற சேதி, எல்லாம் அதில் வரும். பணம் வாப்பாவுடையது, யாருக்கு, எவ்வளவு என்ற தீர்ப்பு பெரும்பாலும் உம்மாவுடையது. உம்மா தனியாகக் கழித்த வருஷங்களை எந்தக் கொடையும் ஈடுகட்டாது என்று என் தங்கை சொல்வாள். அதை மறுக்க முடியாது.

என் கவலை அந்தக் காகிதங்களைப் பற்றியது. ரஜூலா எழுபதுகளின் தொடக்கத்தில் ஓய்ந்தது. அடுத்து வந்த ‘சிதம்பரம்’ 1985இல் தீப்பிடித்ததோடு கப்பல் பயணமும் முடிந்தது. அப்புறம் போன் வந்து கடிதத்தை நிறுத்தியது. இருக்கிற கடிதங்கள்தான் இனி எல்லாமே. அவையோ அடுக்குமாடி வீடு மாறும்போதும், பெரியவர் மௌத்தான பிறகு அலமாரியை ஒழிக்கும்போதும் முதலில் வெளியே போகின்றன. எங்கள் உறவிலேயே ஒரு வீட்டில், அரபு எழுத்தைப் பார்த்து ஓதல் தாள் என்று நினைத்து ஒரு கட்டுக் கடிதத்தை மரியாதையாகக் குழி தோண்டிப் புதைத்துவிட்டார்கள். நெல் விலையும் குமர் காரியமும் வேதமாக அடக்கமாயின.

சிங்கப்பூர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 2010இல் 3.3 சதவீதம், 2020இல் 2.5. நானாவின் பேரப்பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். ரமலானில் செல்போனைத் தட்டி, வாப்பா கனவிலும் காணாத தொகையைக் கொடுக்கிறார்கள். இன்றைய முறைப்படியான ஜகாத் விநியோகம், ஊர்க்காரரை மட்டும் பார்த்த பழைய நோட்டைவிட நியாயமானது என்பவர்களும் உண்டு. இருக்கட்டும். ஆனால் தங்கள் குடும்பம் எந்த வீட்டுக் கூரையைப் போட்டது, எந்தப் பிள்ளைக்குப் பரீட்சைப் பணம் கட்டியது என்று அவர்களுக்குச் சொல்ல அந்த நோட்டையும் கடிதங்களையும் விட்டால் வேறு சாட்சி இல்லை.

நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. சிங்கப்பூரில் வாய்மொழி வரலாற்றுப் பதிவு 1979இல் தொடங்கியது. தெலுக் ஆயர் தர்கா 2011இல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமானது. 2015இல் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் மின்வடிவம் பெற்றன. அச்சேறிய எழுத்துக்கு இப்படி ஒரு போக்கிடம் கிடைத்தது. சமையலறைப் பரணில் கிடக்கும் கடிதத்தை வீட்டுக்காரர்தான் இறக்கி வைக்க வேண்டும்.

படிக்க ஆளில்லை என்று கைவிரிக்க வேண்டாம். நானாவின் பேத்திக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், தமிழ் தடுமாறும். வீட்டிலிருக்கும் பெரிய மனுஷிக்குத் தமிழ் தெரியும், கண் மங்கிவிட்டது. பேத்திக்குக் கூடுதல் எழுத்துகளைச் சொல்லிக்கொடுத்துக் கடிதத்தைக் கையில் கொடுத்தால், பொருள் புரியாமலே உரக்க வாசிப்பாள். கேட்கிற கிழவிக்குப் புரியும். அதை ஒருவர் பதிவு செய்தால் போதும். இதற்கு நிதியும் வேண்டாம், குழுவும் வேண்டாம். கேட்டுப் பொருள் சொல்கிற காது வீட்டில் இருக்கும்போதே செய்ய வேண்டும், அவ்வளவுதான். இந்த ரமலானுக்கு வெள்ளையடிக்கும்போதே பரணில் இருப்பதை இறக்கிப் பாருங்கள்.