தேக்கடிக்கு முன், அரிட்டாபட்டி

கோடை விடுமுறை விட்டதும் மதுரைக் குடும்பங்கள் பல மேற்கே கிளம்பிவிடுகின்றன. உசிலம்பட்டி, தேனி, கம்பம் தாண்டிக் குமுளி மலை ஏறினால் நாலு மணி நேரத்தில் தேக்கடி. இன்னும் கொஞ்சம் மெனக்கெட்டால் மேகமலை, வால்பாறை. இருவாச்சியையும் சிங்கவால் குரங்கையும் பார்த்துவிட வேண்டும், கொடுத்துவைத்திருந்தால் புலியையும் பார்க்க வேண்டும் என்ற ஆசையோடு போகிறார்கள். திரும்பி வந்ததும் பலர் சொல்வது ஒன்றுதான்: “பச்சைப்பசேல்னு இருந்துச்சு, ஆனா ஒண்ணுமே கண்ணுல படல.”

படாததற்குக் காரணம் உண்டு. மழைக்காட்டின் பெருமரங்கள் நூறு அடிக்கும் மேலே கிளை விரிக்கின்றன. பழமும் பூச்சியும் அந்த உச்சியில்தான் அதிகம். அவற்றைத் தின்னும் உயிர்களும் அங்கேதான். கீழே நிற்பவருக்கு இலைகளின் அடிப்புறம் மட்டுமே தெரியும். அரை மணி நேரம் ஓர் அசைவும் இருக்காது. திடீரென்று பத்துப் பன்னிரண்டு வகைச் சிறு பறவைகள் ஒன்றாகச் சேர்ந்து, பூச்சி தேடியபடி தலைக்கு மேலே கடந்துபோகும். இரண்டு நிமிடத்தில் எல்லாம் ஓய்ந்துவிடும். அந்த இரண்டு நிமிடத்தில் எதைப் பார்ப்பது என்பது பழகிய கண்ணுக்குத்தான் பிடிபடும். இருவாச்சியைக்கூட முதலில் காட்டித் தருவது காதுதான். அது பறந்து வரும்போது சிறகுகள் எழுப்பும் இரைச்சல் வெகு தூரத்திலேயே கேட்கும். அதற்கும் பழுத்த அத்தி மரமாகப் பார்த்து, அதனடியில் பேசாமல் காத்திருக்கத் தெரிய வேண்டும்.

இந்தக் கண்ணையும் காதையும் பழக்கிக்கொள்ள மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியைப் போல நல்ல இடம் வேறில்லை. அத்தோடு, இங்கே இருக்கும் சில உயிர்களை எந்த மழைக்காட்டிலும் பார்க்க முடியாது. மேலூர் வட்டத்திலுள்ள அரிட்டாபட்டி அதற்குச் சாட்சி.

நகரிலிருந்து 25 கிலோமீட்டர் தொலைவில் ஏழு பாறைக் குன்றுகளுக்கு நடுவே இருக்கிறது இந்த ஊர். சுற்றிலும் 72 ஏரிகள், 200 சுனைகள், 3 தடுப்பணைகள் என்கிறது அரசுக் கணக்கு. பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயிலும், தமிழி எழுத்துப் பொறித்த சமணர் குகைத்தளமும் உண்டு. 2022 நவம்பரில் அரிட்டாபட்டியிலும் அடுத்துள்ள மீனாட்சிபுரத்திலுமாக 193 ஹெக்டேருக்குச் சற்று அதிகமான நிலத்தைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. இங்கே பதிவான பறவை வகைகள் ஏறத்தாழ 250. எறும்புத்தின்னி, மலைப்பாம்பு, தேவாங்கு ஆகியவையும் பட்டியலில் உள்ளன.

அவற்றில் மூன்று பறவைகள் தனித்துச் சொல்லத் தக்கவை: லகுடு வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராசாளிக் கழுகு. மூன்றுமே வேட்டைப் பறவைகள். செங்குத்தான பாறை இவற்றுக்குப் பிடித்தமான இருப்பிடம். லகுடு, இந்தியத் துணைக்கண்டத்தின் வறண்ட திறந்தவெளிகளைச் சார்ந்து வாழ்வது. உச்சந்தலையில் செம்பழுப்பு நிறம் இருக்கும். உலக அளவில் இதன் எண்ணிக்கை குறைந்துவருகிறது. பிடித்துப் பழக்குவதற்காகவும் பொறி வைக்கப்பட்ட இனம் இது. மழைக்காட்டில் மாதக்கணக்கில் காத்திருந்தாலும் லகுடு வராது. அதற்கு வேண்டியது மேலூர்ப் பக்கத்துப் பொட்டலும் பாறையும்தான். ஷாஹீனுக்குக் கருந்தலை, செம்பழுப்பு வயிறு. மேலிருந்து இரையின் மீது பாய்கையில் மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டக்கூடிய குடும்பத்தைச் சேர்ந்தது. ராசாளி இவ்விரண்டையும் விடப் பெரியது. தலைக்கு மேலே வட்டமிடும்போது வெளிறிய வயிறும், இறக்கையின் அடியில் நீளும் கரும்பட்டையும் அடையாளம்.

இவற்றைப் பார்க்க விடியலிலேயே ஓட வேண்டியதில்லை. வெயில் ஏறிப் பாறை சூடானால்தான் வெப்பக்காற்று மேலெழும். பெரிய பறவைகள் அதில் ஏறிக்கொண்டு சிறகசைக்காமலே உயரும். ஆகவே காலை ஒன்பது மணிக்குமேல் வானத்தைப் பார்த்தால் போதும். அதற்கு முந்திய நேரத்தைக் கண்மாய்க் கரைக்குக் கொடுக்கலாம். முக்குளிப்பான், நீலத்தாழைக்கோழி, மின்கம்பியில் பனங்காடை, பஞ்சுருட்டான் எல்லாம் ஒளியாமல் ஆற அமரக் காட்சி தரும். எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் ஒன்றே தாராளம். பாறையில் கூடு இருப்பது தெரிந்தால் நெருங்கக் கூடாது. ட்ரோன் பறக்கவிடவே கூடாது.

இந்த இடத்தை நாம் கிட்டத்தட்ட இழந்திருப்போம். முன்பு கிரானைட் குவாரி ஆபத்து வந்தபோது ஊர்மக்கள் எதிர்த்து நின்றார்கள். பிறகு 2024 நவம்பரில், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதியின் ஏலத்தில் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானதாக ஒன்றிய அரசு அறிவித்தது. தொகுதியின் பரப்பு 2,015 ஹெக்டேர். பல்லுயிர்த் தலமும் அதற்குள்ளேயே வந்தது. மேலூர் வட்டாரமே கொதித்தது. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை வரை ஆயிரக்கணக்கானோர் நடந்தே வந்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. விவசாயமும் வீடும் கோயிலும் போய்விடுமே என்று நடந்தவர்கள் அவர்கள். வல்லூறுகளையும் சேர்த்தே காப்பாற்றியிருக்கிறார்கள். அதற்காகப் பறவை பார்க்கப் போகிற ஒவ்வொருவரும் அந்த ஊருக்குக் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் ராசாளி இரை தேடும் பரப்பு 193 ஹெக்டேரைவிடப் பல மடங்கு பெரியது. அறிவிப்புக்கு வெளியே நிற்கும் குன்றுகளுக்கு அந்தக் காப்பு இல்லை.

மேலூரிலிருந்து திருப்பத்தூர் போகும் வழியில் வேட்டங்குடி. 1977 முதல் சரணாலயம். மழை நன்றாகப் பெய்த வருடங்களில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை நத்தைகுத்தி நாரைகளும் சங்குவளை நாரைகளும் பாம்புத்தாராக்களும் கண்மாய் மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். பறவைகள் மிரளும் என்பதால் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பல தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வருடம் முழுக்கப் பட்டாசுக்கு ஏங்கும் வயதுப் பிள்ளைகளும் இதற்கு உட்படுகிறார்கள் என்பதை நினைக்கும்போது மனம் நிறைகிறது.

மேற்கேயுள்ள காட்டையும் இந்த வயல்வெளியையும் இணைக்கும் ஒன்று இருக்கிறது. 1895-இல் திறக்கப்பட்ட பெரியாறு அணை, மழைக்காட்டில் பெய்யும் மழையைத் தேக்கிச் சுரங்க வழியாகக் கிழக்கே திருப்புகிறது. அந்த நீர் வைகையில் சேர்ந்து, பேரணையில் பிரிந்து, பெரியாறு பிரதானக் கால்வாய் வழியே மேலூர் வரை பாய்கிறது. நடவு முடிந்த வயலில் நத்தை பெருகும். நத்தைகுத்தி நாரை வந்து இறங்கும். தேக்கடியில் நாம் படகேறும் அதே ஏரியின் தண்ணீரில்தான் இந்த நாரையின் சாப்பாடும் விளைகிறது. மேலே காடு குறைந்தால் கீழே வயல் காயும், கூடும் குறையும்.

அக்டோபரில் இன்னொரு விருந்தாளி வருகிறது: ஆறுமணிக் குருவி. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் இனப்பெருக்கம் செய்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே வரும். பச்சை, நீலம், சிவப்பு என மழைக்காட்டுப் பறவைக்குரிய நிறமெல்லாம் அதன் உடம்பில் உண்டு. அழகர்மலை போன்ற மரமடர்ந்த இடங்களில் காலையிலும் அந்தியிலும் அதன் இரட்டைச் சீழ்க்கையைக் கேட்கலாம். இரவெல்லாம் பறந்து களைத்துச் சில சமயம் நகரத்து வீட்டுத் தோட்டத்திலேயே விழுந்துகிடக்கும். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, வனத்துறைக்குத் தகவல் சொன்னால் பிழைத்துக்கொள்ளும்.

வடக்கே திண்டுக்கல், கரூர் மாவட்டக் காடுகளில் 11,806 ஹெக்டேரை 2022 அக்டோபரில் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். இந்தியாவில் தேவாங்குக்கென்றே அமைந்த முதல் சரணாலயம் அது. இரவில் நடமாடும் உயிர் என்பதால் வனத்துறை அனுமதி இல்லாமல் டார்ச்சோடு தேடிப் போவது தவறு. அந்தப் பெரிய கண்களுக்குக் கூசும் வெளிச்சம் பெரும் வதை.

சுற்றுலாத் தலம் எதையும் சாராமல், கண்ணெதிரே இருக்கும் சாதாரண உயிர்களைப் பற்றியே ஓயாமல் எழுதியவர் மா. கிருஷ்ணன். 1950 முதல் 1996-இல் மறையும் வரை ‘தி ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் அவருடைய பத்தி வந்துகொண்டிருந்தது. அணிலும் காகமும் ஓணானும் அதில் புலிக்கு நிகராக இடம்பெற்றன. பைனாகுலர் வாங்கும் இளைஞர்கள் கூடவே அவரையும் வாசிக்கலாம். பொங்கலை ஒட்டி 2015 முதல் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் யாரும் சேரலாம். பதினைந்து நிமிடம் மொட்டைமாடியில் நின்று எண்ணினாலும் அது பதிவுதான்.

நகரின் தென்கிழக்கே உள்ள சாமநத்தம் கண்மாயைப் பறவைகள் சரணாலயமாக அறிவிக்க வேண்டும் என்று மதுரைப் பறவை ஆர்வலர்கள் கேட்டுவருகிறார்கள். அது நியாயமான கோரிக்கை. அறிவிப்பு வரும்வரை மற்ற கண்மாய்களுக்கும் சேர்த்துச் செய்யக்கூடிய ஒன்று உண்டு. நீர்வாழ் பறவைகள் கூடு கட்டுவது பெரும்பாலும் கண்மாய்க்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில்தான். தூர்வாரும்போது சீமைக் கருவேலத்தோடு இவற்றையும் சேர்த்துச் சாய்த்துவிடுகிறார்கள். எந்தெந்த மரங்களில் கூடு இருக்கிறது என்று நவம்பர், டிசம்பரில் குறித்து வைத்துக்கொண்டால், ஜனவரி 26 கிராம சபைக் கூட்டத்தில் அந்த மரங்களை விட்டுவைக்கும்படி தீர்மானம் கேட்கலாம். அதன்பின் கோடையில் இயந்திரம் கண்மாயில் இறங்கும்போது ஓட்டுநரிடம் காட்ட ஊர் கையில் ஒரு தாள் இருக்கும்.