தூண்டிலைத் தின்னும் உப்பு!

திருப்பூரில் கடல் இல்லை.

தூத்துக்குடிக்கோ, ராமேசுவரத்துக்கோ போக வேண்டும் என்றால் 300 கிலோ மீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும்.

ஆனாலும் தென் மாவட்டங்களில் இருந்து வந்து, திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள் ஏராளம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவர்கள் ஊருக்குப் போகிறார்கள். கடலோரத்து ஊர்க்காரர் என்றால், தூண்டிலைப் பார்த்ததும் கை சும்மா இருக்குமா?

மீன் கிடைக்கிறது. வீட்டில் குழம்பு மணக்கிறது. விடுமுறை முடிகிறது. தூண்டிலைப் பையில் சுருட்டி வைத்துக் கொண்டு பஸ் ஏறி விடுகிறார்கள்.

அடுத்த விடுமுறைக்குப் பையைத் திறந்தால் ரீல் சுற்ற மறுக்கிறது. திருகுகள் துருப்பிடித்து இருக்கின்றன. முள்ளைத் தொட்டால் உதிருகிறது.

நல்ல கடல் தூண்டிலும் ரீலும் வாங்கப் பல நாள் சம்பளம் வேண்டும். சனிக்கிழமை தோறும் வாங்கும் கூலியில் மிச்சம் பிடித்து வாங்கிய சாமான், இப்படி ஒரே ஆண்டில் பாழாகலாமா?

பாழாக்கியது யார்? உப்பு!

ஒரு வாளியில் 350 கிராம்

ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. பத்து லிட்டர் வாளி நிறையக் கடல் நீரை எடுத்தால், அதில் 350 கிராம் உப்பு!

தூண்டிலில் பட்ட தண்ணீர் காய்ந்து விடும். உப்பு காயாது. திருகின் இடுக்கிலும், வளையத்தின் அடியிலும், ரீலின் உள்ளேயும் அது தங்கி விடும்.

மழைக் காலத்தில் உப்பு ஜாடி ஈரமாவதை வீட்டுப் பெண்கள் பார்த்து இருப்பார்கள். காற்றில் உள்ள ஈரத்தை உப்பு இழுத்துக் கொள்கிறது. ரீலுக்குள் இருக்கும் உப்பும் அதையேதான் செய்கிறது. கடலை விட்டு 300 கிலோ மீட்டர் தள்ளி வந்த பிறகும், இரும்பை ஈரமாகவே வைத்து இருக்கிறது.

வெறும் தண்ணீரை விட உப்புத் தண்ணீரில் மின்சாரம் எளிதாக ஓடும். அதனால் துருவும் வேகமாகப் பிடிக்கும். அலுமினிய உடலும் இரும்புத் திருகும் சேர்ந்து இருக்கும் இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டால், அது ஒரு சின்ன பேட்டரி போல ஆகி விடும். அலுமினியம் அரிக்கப்படும்.

நோயைக் கண்டுபிடிக்க நிறத்தைப் பார்த்தால் போதும். சிவப்புத் தூள் தெரிந்தால் இரும்பு போகிறது. வெள்ளைத் தூள் தெரிந்தால் அலுமினியம் போகிறது. பச்சை படிந்து இருந்தால் பித்தளை போகிறது.

நூல் ஆலைக்காரர் கண்ட ரீல்

இன்று பலரும் வைத்து இருக்கும் ரீலுக்கும், நூல் தொழிலுக்கும் ஒரு சொந்தம் உண்டு.

இங்கிலாந்தில் பிராட்போர்டு என்று ஒரு நகரம். கம்பளித் துணிக்குப் பேர் போன ஊர். அங்கே இல்லிங்வொர்த் என்ற துணி ஆலை முதலாளி இருந்தார். 1905-ம் ஆண்டில், உருளை சுழலாத தூண்டில் ரீலுக்கு அவர் காப்புரிமை பெற்றார்.

உருளை சுழலாமல் நரம்பு எப்படி ஓடும்?

இதைத் திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். நிட்டிங் மெஷினுக்கு நூல் கொடுக்கும் கோன் சுழல்வது இல்லை. அது நின்ற இடத்திலேயே நிற்கும். நூல் மட்டும் அதன் தலைப்பில் இருந்து உருவிக் கொண்டு ஓடும். தூண்டிலை வீசும்போது நரம்பும் அப்படித்தான் ஓடுகிறது. கைப்பிடியைச் சுற்றினால் ஒரு வளைந்த கம்பி உருளையைச் சுற்றி வந்து, நரம்பைத் திரும்பவும் சுற்றி விடுகிறது.

ஆகவே ரீலும் ஒரு சின்ன மெஷின்தான். பல் சக்கரம் உண்டு, பேரிங் உண்டு, ஸ்பிரிங் உண்டு. மெஷினைத் துடைக்காமல், எண்ணெய் விடாமல் ஓட்டினால் என்ன ஆகும் என்று நிட்டிங் பிட்டரைக் கேட்டால் சொல்லுவார்!

எந்தத் தண்ணீரில் கழுவுவது?

"கழுவினேனே, அப்படியும் துருப்பிடித்து விட்டதே!" என்று சிலர் சொல்லக்கூடும்.

எந்தத் தண்ணீரில் கழுவினார்கள் என்பதுதான் கேள்வி.

திருப்பூர் வீடுகளில் இரண்டு தண்ணீர் உண்டு. ஒன்று குழாயில் வரும் நல்ல தண்ணீர். மற்றொன்று போர் போட்டு எடுக்கும் உப்புத் தண்ணீர்.

பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். சாயப்பட்டறைகளில் அப்படிச் சேர்த்த உப்பு, கழிவு நீரோடு பல ஆண்டுகள் நொய்யல் ஆற்றில் கலந்தது. ஒரத்துப்பாளையம் அணையிலும் தேங்கியது. கிணறுகள் உப்பாயின. பயிர்கள் கருகின. 2011-ம் ஆண்டு ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை ஐகோர்ட்டு உத்தரவிட்டது. கழிவு நீரை வெளியே விடாமல், சுத்திகரித்துத் திரும்பவும் பயன்படுத்தினால்தான் பட்டறையை நடத்தலாம் என்ற நிலை வந்தது.

ஆனால் மண்ணுக்குள் போன உப்பு அவ்வளவு சீக்கிரம் போய் விடுமா?

வாளியில் வைத்த தண்ணீர் காய்ந்ததும் வெள்ளையாகப் பூக்கிறதா? அந்தத் தண்ணீரில் ரீலைக் கழுவக் கூடாது. ஓர் உப்பைக் கழுவி, இன்னோர் உப்பைப் பூசியது போல ஆகி விடும். குடிக்கிற தண்ணீரில் இரண்டு செம்பு போதும்.

கழுவும் முறை

கடற்கரைக்குப் போகும்போதே ஒரு பாட்டிலில் நல்ல தண்ணீர் எடுத்துப் போக வேண்டும். மீன்பிடித்து முடித்ததும் ஈரத் துணியால் தூண்டிலையும் ரீலையும் துடைத்து விட வேண்டும். ஊர் திரும்பும் வரை உப்பைக் காய விடக் கூடாது.

அடுத்து முக்கியமாகச் செய்ய வேண்டியது, முள்ளைக் கழற்றி டப்பாவில் போட்டு மூடுவது. வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள் அல்லவா? துருப்பிடித்த முள் குத்தினால் காயத்தைக் கழுவி, டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மீன் இழுக்கும்போது நரம்பை அளவாக விட்டுக் கொடுப்பதற்கு ரீலில் ஒரு திருகு இருக்கும். 'டிராக்' என்று அதைச் சொல்லுவார்கள். கழுவும் முன்பு அதை இறுக்கிக் கொள்ள வேண்டும். அப்போது உள்ளே தண்ணீர் போகாது. கழுவிக் காய்ந்த பிறகு அதைத் தளர்த்தி விட வேண்டும். இறுக்கியே வைத்தால் உள்ளே இருக்கும் வட்டுகள் நசுங்கி விடும்.

தண்ணீரை மெதுவாக ஊற்ற வேண்டும். பைக் கழுவுவது போலக் குழாயை வைத்து வேகமாகப் பீய்ச்சினால், மணலும் உப்பும் உள்ளே போய் விடும். ரீலை வாளியில் ஊறப் போடுவதும் தவறு.

கோலைத் தனித் தனியாகக் கழற்ற வேண்டும். இணைப்புகளில் மணல் இருந்தால் கோல் உரசித் தேயும். நரம்பு ஓடும் வளையங்களின் அடியில்தான் உப்பு ஒளிந்து கொள்ளும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் அங்கே தேய்க்கலாம்.

வளையத்துக்குள் கொஞ்சம் பஞ்சை விட்டு இழுத்துப் பாருங்கள். பஞ்சு மாட்டிக் கொண்டால் அங்கே கீறல் இருக்கிறது என்று அர்த்தம். பெரிய மீன் இழுக்கும்போது அந்தக் கீறல் நரம்பை அறுத்து விடும். அந்த வளையத்தை மாற்றி விடுவது நல்லது.

வெயில் வேண்டாம், நிழல் போதும்

துடைப்பதற்குத் துணி தேடி அலைய வேண்டாம். ஒர்க் ஷாப்புகளில் மெஷின் துடைக்க வாங்குகிறார்களே, அந்த பனியன் வேஸ்ட் போதும். தண்ணீரை நன்றாக உறிஞ்சும்.

துடைத்த பிறகு நிழலில், காற்றாட வைக்க வேண்டும். நைலான் நரம்பு வெயிலில் கிடந்தால் வலுவிழந்து விடும். ஈரத்தோடு பையில் போட்டு மூடினால் கழுவியதே வீண்.

நன்றாகக் காய்ந்த பிறகு எண்ணெய். நரம்பு உருண்டு ஓடும் சின்ன உருளைக்கு ஒரு சொட்டு. கைப்பிடிக் குமிழுக்கு ஒரு சொட்டு. தையல் மெஷின் எண்ணெய் போன்ற லேசான எண்ணெய் ஏற்றது. தேங்காய் எண்ணெய் வேண்டாம். குளிரில் உறைந்து, நாளடைவில் பிசின் போல ஒட்டிக் கொள்ளும்.

அதிகமாக விட்டாலும் ஆபத்து. திருப்பூர்க் காற்றில் பறக்கும் பஞ்சுத் தூசி, எண்ணெயைக் கண்ட இடத்தில் ஒட்டி விடும். கம்பெனியில் தினமும் பார்க்கிற காட்சிதானே!

பல் சக்கரங்களுக்கு எண்ணெய் அல்ல, கிரீஸ் வேண்டும். இதை ஆண்டுக்கு ஒரு முறை பார்த்தால் போதும். ரீலைத் திறக்கிறவர்கள், கழற்றிய சாமான்களை வரிசையாக ஒரு வெள்ளைத் துணியில் வைத்துக் கொள்ள வேண்டும். பழக்கம் இல்லாதவர்கள் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

இத்தனையும் செய்ய எவ்வளவு நேரம் ஆகும்? காய வைக்கும் நேரத்தை விட்டு விட்டால், அரை மணி நேரம். செலவு, இரண்டு செம்பு தண்ணீர், இரண்டு சொட்டு எண்ணெய், ஒரு பிடி பனியன் வேஸ்ட்.

விடுமுறையில் ஊருக்குப் போய்த் திரும்பியவர்கள் பரணில் வைத்த பையை இன்றே இறக்கிப் பார்க்கலாம்.