மின்கித்தாருக்கு ஏற்ற சால்டரிங் அயன்

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம் குடும்பங்களில், வீணையும் வயலினும் இருந்த மூலையில் இன்று மின்கித்தாரும் வந்து அமர்ந்துவிட்டது. அதைக் கண்டு முகஞ்சுளிக்கும் பெரியோர் உளர். அவர்களுக்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகிறோம். இவ்வாந்திர மண்ணில், மேற்குக் கோதாவரியைச் சேர்ந்த பாலகொல்லுவில் 1969-ஆம் ஆண்டு பிறந்தவர் மாண்டலின் யூ. ஸ்ரீநிவாஸ். அவர் மின்மாண்டலினில் இரட்டைத் தந்திகளை நீக்கி, ஐந்து ஒற்றைத் தந்திகளை அமைத்துக்கொண்டு, கர்நாடக இசையையே பொழிந்தார். 1998-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2014-இல் சென்னையில் மறைந்தார். ஆதலால், மின்கம்பி பூண்டது என்பதனாலேயே ஒரு வாத்தியம் நமக்கு அந்நியமாகிவிடாது.

ஆயினும் இதற்கென ஒரு தொல்லை உண்டு. வீணையின் தந்தி அறுந்தால் கண்ணுக்குத் தெரியும். மின்கித்தாருக்குள் ஒரு பற்று விட்டுப்போனால் வாத்தியம் காரணம் சொல்லாமல் ஊமையாகும், அல்லது ஓயாது இரையும். நம் தமையனார் மகனின் கித்தார், பொங்கல் விழாவுக்கு இரண்டு நாள் இருக்கையில் அவ்வாறு ஊமையாயிற்று. கடையில் இருந்தவற்றுள் மிக மலிவான 25 வாட் அயனை நாம் வாங்கிவந்து, வால்யூம் கண்ட்ரோலின் முதுகில் ஒரு நிமிடம்வரை அழுத்திப் பிடித்தோம். ஈயம் ஒட்டவில்லை, உள்ளிருந்த கரிப்பட்டைதான் கெட்டது. வாசிக்க வேண்டிய பையன் சபையில் கைகட்டி அமர்ந்திருந்தான். அன்று கற்றதையே இங்கு எழுதுகிறோம்.

‘வாட் குறைந்தால் சூடு குறையும், சூடு குறைந்தால் பொருள் கெடாது’ என்று நாம் எண்ணியிருந்தோம். உண்மை அதற்கு நேர்மாறானது. நம் வீட்டு வாசலில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவரை நினைத்துப் பாருங்கள். அவர் முதலில் பாத்திரத்தைக் காய்ச்சுகிறார். காய்ந்த பாத்திரமே ஈயத்தைப் பற்றிக்கொள்கிறது. இங்கும் அதுவே விதி. வால்யூம் கண்ட்ரோலின் முதுகு அகன்ற உலோகம். அது சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வலுவற்ற அயன் அதைக் காய்ச்சுவதற்குள் வெப்பம் உள்ளே ஊடுருவிவிடும். வலுவுள்ள அயனோ சில விநாடிகளில் வேலையை முடித்து விலகிவிடும்.

ஆகவே கித்தார் வேலைக்கு 40 முதல் 60 வாட் வரையுள்ள அயன் ஏற்றது. வெப்பத்தைத் திருகி அமைக்கும் வசதி இருந்தால் இன்னும் நன்று. 350 பாகை சென்டிகிரேடு அளவில் வைத்துக்கொள்ளலாம். நுனியிலுள்ள பிட் ஊசிபோல் கூராக இருப்பதைவிட உளிபோல் தட்டையாக இருப்பதே மேல். தொடும் பரப்பு மிகுந்தால் வெப்பம் விரைந்து பாயும். 25 வாட் அயன் ஜாக், சுவிட்ச் ஆகியவற்றின் சிறு காதுகளுக்குப் போதும். ஆனால் நம் ஊர்களில் மாலை வேளையில் மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து 200-க்கு இறங்கினால், அந்த 25 வாட் ஏறத்தாழ 19 வாட்டாகிவிடும் என்பதை மறக்கலாகாது.

அடுத்தது ஈயக்கம்பி. வெள்ளீயம் 60, காரீயம் 40 என்ற கலவை 190 பாகையளவில் முற்றும் உருகும். பழகுவோர்க்கு இதுவே எளிது. காரீயம் கலவாத கம்பி ஏறத்தாழ 220 பாகை கேட்கும். நடுவில் ரோசின் அடங்கிய கம்பியாகப் பார்த்து வாங்குக. பாத்திரக்காரரின் நவச்சாரமும், தகரவேலைக்குரிய அமிலமும் இங்கு ஆகா. அவை நாளடைவில் கம்பியை அரித்துவிடும்.

செய்முறை சுருக்கமானது. பற்றவைக்கும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்துக்கொள்க. பிட்டை ஈரப்பஞ்சில் துடைத்து, சிறிது ஈயம் ஏற்றுக. உலோகத்தைக் காய்ச்சி, ஈயக்கம்பியை உலோகத்தின்மேல் வைக்க வேண்டுமேயன்றி அயன்மேல் வைக்கலாகாது. ஈயம் உறையும்வரை கம்பியை அசைக்கலாகாது. பளபளவென்று பரவிப் படிந்தால் நல்ல பற்று. உருண்டு திரண்டு நின்றால் ‘குளிர்ந்த பற்று’, நாளை மீண்டும் விடும். பிக்கப்பினுள் சுற்றிய கம்பி தலைமயிரினும் மெல்லியது. அதில் கைவைக்க வேண்டாம்.

இறுதியாக, இல்லத்தரசிகளுக்கும் ஒரு சொல். காரீயம் நஞ்சு, சிறுவர்க்கு மிகவும் கேடு. இவ்வேலையைச் சமையலறையில் செய்யவிடாதீர்கள். சன்னலைத் திறந்து வைத்துச் செய்து, முடித்தபின் கையைச் சோப்பிட்டுக் கழுவச் சொல்லுங்கள். அக்கம்பியால் ஓட்டைப் பாத்திரத்தை ஒருபோதும் அடைக்கக் கூடாது. ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம், இது வேறு. அயனின் மூன்று முள் பிளக்கை வெட்டி இரண்டாக்கவும் வேண்டாம். கித்தாரை ஆம்ப்ளிபயரிலிருந்து கழற்றிய பின்னரே திறக்க வேண்டும்; ஆம்ப்ளிபயரை மட்டும் திறக்கவே வேண்டாம், மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அதனுள் உயிர்கொல்லும் மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும்.

நம் வீட்டுப் பையன் பின்னர்த் தகுந்த அயனைக் கொண்டு, புதிய கண்ட்ரோலைத் தன் கையாலேயே பற்றவைத்தான். இம்முறை பிடித்தது மூன்றே விநாடி. வாத்தியம் பேசிற்று. வாங்கித்தந்த பொருளைப் பேணவும் கற்றுத்தருவதே பிள்ளைகளுக்கு நாம் செய்யும் முழு உதவி.