புற்றுநோய் ஆய்வுக்கு நாம் தருவதும், அது நமக்குத் தருவதும்

சேமிப்பு, காப்பீடு, ஓய்வூதியம் என எதிர்காலத்திற்காக நாம் பலவாறு திட்டமிடுகிறோம். அத்திட்டங்கள் அனைத்தையும் சில மாதங்களிலேயே நிலைகுலையச் செய்யும் ஆற்றல் புற்றுநோய்க்கு உண்டு. உலகளாவிய மதிப்பீட்டின்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 14 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் புதிதாக இந்நோய்க்கு ஆளாயினர்; 9 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆண்களிடையே வாய்ப் புற்றுநோயும் பெண்களிடையே மார்பகப் புற்றுநோயும் மிகுதியாகக் காணப்படுகின்றன. நம் நாட்டு நோயாளிகளுள் பலர், நோய் முற்றிய பின்னரே மருத்துவமனையை நாடுகின்றனர். அந்நிலையில் சிகிச்சைச் செலவு பெருகுகிறது. குணமடையும் வாய்ப்போ சுருங்குகிறது.

ஆயினும், புற்றுநோய்களில் 30 முதல் 50 விழுக்காடு வரை தடுக்கக்கூடியவை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பல ஆண்டுகள் பொறுமையுடன் நடைபெற்ற ஆய்வுகளே இந்த நம்பிக்கையை நமக்கு அளித்துள்ளன. அந்த ஆய்வுகளுக்குத் துணைநிற்பதும், அவை கண்டறிந்து சொன்னவற்றை நம் வாழ்வில் கடைப்பிடிப்பதும் ஒரே கடமையின் இரு பகுதிகள்.

கொடையால் உருவான நிறுவனங்கள்

இந்தியாவில் புற்றுநோய் மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் கொடையின் வரலாறே. மெஹர்பாய் டாட்டா அம்மையார் 1931ஆம் ஆண்டு இரத்தப் புற்றுநோயால் மறைந்தார். அவருடைய கணவர் சர் தோராப்ஜி டாட்டாவின் பெயரிலான அறக்கட்டளை, 1941ஆம் ஆண்டு மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனையைத் தொடங்கியது. இன்று அது மத்திய அரசின் அணுசக்தித் துறையின் கீழ் இயங்குகிறது.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, பொதுமக்களிடம் நிதி திரட்டிச் சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தை உருவாக்கினார். 1954ஆம் ஆண்டு வெறும் 12 படுக்கைகளுடன் அது செயல்படத் தொடங்கியது. மறு ஆண்டே அங்குப் பணியில் சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021ஆம் ஆண்டு தாம் மறையும் வரை அந்நிலையத்துக்கே வாழ்வை அர்ப்பணித்தார்.

1951ஆம் ஆண்டு தோன்றிய இந்தியப் புற்றுநோய்ச் சங்கம், 1960களில் மும்பையில் மக்கள்தொகை அடிப்படையிலான புற்றுநோய்ப் பதிவேட்டை நிறுவியது. எந்தப் புற்றுநோய், எவரிடையே, எந்த அளவில் பரவியுள்ளது என்பதை அறியாமல் தடுப்புத் திட்டம் எதையும் வகுக்க இயலாது. பதிவேட்டுப் பணி வெளியே தெரியாதது. ஆனால் பிற ஆய்வுகளுக்கெல்லாம் அதுவே அடித்தளம்.

எளிய கருவி, பெரிய பயன்

புற்றுநோய் ஆய்வு என்றவுடன் விலையுயர்ந்த எந்திரங்களும் புதிய மருந்துகளும் நம் நினைவுக்கு வருகின்றன. இந்தியாவில் நடைபெற்ற சிறந்த ஆய்வுகளுள் சில அவ்வாறானவை அல்ல.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வு ஒன்றில் சுமார் 1,90,000 பேர் இடம்பெற்றனர். ஒரு பிரிவினரின் வாயைப் பயிற்சி பெற்ற நலப்பணியாளர்கள் குறிப்பிட்ட இடைவெளியில் வெறும் கண்ணால் பரிசோதித்தனர். மற்றொரு பிரிவினர்க்கு வழக்கமான மருத்துவ வசதி மட்டுமே இருந்தது. 2005ஆம் ஆண்டு வெளியான முடிவின்படி, புகையிலையோ மதுவோ பயன்படுத்துவோரிடையே, வாய்ப் புற்றுநோயால் நேரும் இறப்பு இப்பரிசோதனையால் 34 விழுக்காடு குறைந்திருந்தது. இந்த ஆய்வுக்கு நிதி அளித்தவை பிரிட்டனின் புற்றுநோய் ஆய்வு அறக்கட்டளைகள்.

திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரையிலான பெண்களிடையே மற்றோர் ஆய்வு நடைபெற்றது. வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தின் நீர்த்த கரைசலைக் கருப்பை வாயில் தடவினால், பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடிய பகுதிகள் ஒரு நிமிடத்தில் வெண்மையாகத் தோன்றும். செவிலியர் செய்த இந்த ஒரு முறைப் பரிசோதனையும், தேவைப்பட்டோர்க்கு அளிக்கப்பட்ட சிகிச்சையும் கருப்பை வாய்ப் புற்றுநோய் இறப்பை 35 விழுக்காடு குறைத்தன. அடையாறு புற்றுநோய் நிலையமும் பங்கேற்ற இந்த ஆய்வின் முடிவு 2007ஆம் ஆண்டு வெளியானது.

மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனையினர், சுமார் ஒன்றரை இலட்சம் பெண்களிடையே 20 ஆண்டுகள் நடத்திய ஆய்வின் முடிவு 2021ஆம் ஆண்டு வெளிவந்தது. பயிற்சி பெற்ற பணியாளர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை கைகளால் மார்பகப் பரிசோதனை செய்ததில், 50 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது.

இத்தகைய ஆய்வுகளின் முடிவில் விற்பதற்குரிய பொருள் எதுவும் இல்லை. ஆதலால் வணிக நிறுவனங்கள் இவற்றில் முதலீடு செய்வது அரிது. பொது நிதியும் கொடையாளர்களுமே இவற்றைத் தாங்க வேண்டும். அவ்வாறு பெற்ற அறிவும், நாம் பரிசோதனைக்குச் செல்லாவிடில் ஏட்டளவிலேயே நின்றுவிடும்.

அன்றாட வாழ்வில் நாம் செய்யத்தக்கவை

புகையிலையைக் கைவிடுவதே முதல் பணி. 2016-17ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, 15 வயதும் அதற்கு மேலும் ஆன இந்தியர்களில் 28.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்துகின்றனர். பீடி, சிகரெட்டைக் காட்டிலும், மெல்லும் புகையிலையைப் பயன்படுத்துவோரே மிகுதி. புகையிலை கலவாத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் பொருளே எனச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. மதுவும் அதே பட்டியலில் உள்ளது.

உடல் எடையை அளவோடு பேணுதல், வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்கள் விரைந்து நடத்தல், நாள்தோறும் 400 கிராம் அளவுக்குக் காய்கனிகள் உண்ணுதல் ஆகியவை நல்ல பயன் தரும். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை பி தடுப்பூசி இடுவது, பின்னாளில் கல்லீரல் புற்றுநோய் வராமல் காக்க உதவும். 9 முதல் 14 வயது வரையிலான சிறுமியர்க்கு எச்.பி.வி. தடுப்பூசி இடுவது கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும்.

முப்பது வயதைக் கடந்தோர் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகியவற்றுக்கான பரிசோதனையை அரசு நலவாழ்வு நிலையங்களில் செய்துகொள்ளலாம். மூன்று வாரங்களாகியும் ஆறாத வாய்ப்புண், மார்பகத்தில் கட்டி, மாதவிடாய் நின்ற பின் குருதிப்போக்கு ஆகியவற்றைக் கண்டால் காலம் தாழ்த்தாமல் மருத்துவரை அணுக வேண்டும்.

ஒன்றை இங்கே கூறியாக வேண்டும். நல்ல பழக்கங்கள் அபாயத்தைக் குறைக்குமே அன்றி, முற்றிலும் நீக்கிவிடா. ஒழுங்காக வாழ்ந்தவர்க்கும் இந்நோய் வரக்கூடும். நோயுற்றவரைப் பழிப்பது அறமன்று. அவர் போன்றோர்க்காகவே ஆய்வுகள் தொடர வேண்டியுள்ளது.

கொடை அளிக்கும் முன்

நாம் அளிக்கும் தொகை நோயாளியின் சிகிச்சைக்கா, ஆய்வுக்கா, பரிசோதனை முகாம்களுக்கா என்பதை முதலில் கேட்டறிவோம். மூன்றும் தேவையானவையே, எனினும், நம் நோக்கத்தைத் தெளிவாக எழுதிக் கொடுப்பது நலம். நிறுவனத்தின் பதிவு விவரங்களையும் ஆண்டறிக்கையையும் தணிக்கை செய்த கணக்கையும் பார்வையிடுவோம்.

உருக்கமான படத்துடன் கைப்பேசியில் வரும் வேண்டுகோளை நம்பி உடனே பணம் அனுப்புதல் கூடாது. நிறுவனத்தின் அலுவலகத்தை நேரடியாகத் தொடர்புகொண்டு உறுதிசெய்த பின்னரே அனுப்ப வேண்டும். பணம் சேரும் கணக்கு தனிநபர் பெயரில் இருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை.

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவு, தகுதியுள்ள நன்கொடைகளுக்கு வரிச்சலுகை அளித்தது. பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுப்போர்க்கே அச்சலுகை உரியது; 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக அளித்த நன்கொடைக்கு அது கிடைக்காது. நடப்பு ஆண்டின் விதிகளை வரி ஆலோசகரிடம் உறுதிசெய்துகொள்க. வங்கி வழியாக அனுப்பி, நன்கொடைச் சான்றிதழைக் கேட்டுப் பெறுவது எவ்வகையிலும் நன்று.

ஆய்வுக்குக் காலம் தேவை. மும்பை ஆய்வு 20 ஆண்டுகள் நீடித்ததைக் கண்டோம். ஆதலால், ஒரே முறை அளிக்கும் பெருந்தொகையைப் போலவே, மாதந்தோறும் தவறாது சேரும் சிறுதொகையும் மதிப்புடையது. ஆண்டுதோறும் எவ்வளவு வரும் என்பதை அறிந்தால்தான் நிறுவனமும் நீண்டகாலப் பணியில் துணிந்து இறங்க இயலும். நம் கணக்கிலிருந்து குறிப்பிட்ட நாளில் தொகை தானாகச் செல்லுமாறு நிலையான அறிவுறுத்தல் அளிக்க, வங்கிக் கிளையிலோ இணையவழியிலோ ஏற்பாடு செய்யலாம்.

அந்த ஏற்பாட்டைச் செய்யும் நாளிலேயே, வீட்டில் முப்பது வயதைக் கடந்த ஒவ்வொருவர்க்கும் பரிசோதனைக்கான நாளையும் நாட்காட்டியில் குறித்துவைப்போம்.