சதுரங்கத் திறப்பு எதற்காக?

சதுரங்க ஆட்டத்தின் முதல் பத்துப் பன்னிரண்டு நகர்த்தல்களைத் திறப்பு என்கிறோம். பெண்டாங்கிலோ சுங்கை பட்டாணியிலோ செஸ் பழகத் தொடங்கும் பிள்ளை, அதை எதிராளியைச் சீக்கிரம் மடக்கும் பொறியாக நினைப்பது இயல்பு. ஆனால் திறப்பின் வேலை வெல்வதன்று; எந்த மாதிரியான ஆட்டம் ஆடப்போகிறோம் என்று முடிவு செய்வது. இதற்கு 2010 மே 11 அன்று சோஃபியாவில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் 12-ஆவது ஆட்டத்தைவிட நல்ல சான்று கிடையாது. சென்னையின் விஸ்வநாதன் ஆனந்தும் பல்கேரியாவின் வெசலின் தொபலோவும் ஆளுக்கு ஐந்தரைப் புள்ளி பெற்றிருந்த நேரம் அது. வெள்ளைக் காய்கள் தொபலோவுக்கு. ஆடுகளமும் அவருடைய சொந்த நாடு. ஆனந்த் எடுத்ததோ, 1894 முதல் 1921 வரை உலகச் சாம்பியனாக இருந்த இமானுவேல் லாஸ்கரின் பெயர் தாங்கிய பழைய தடுப்பாட்டம். 7-ஆவது நகர்த்தலில் கறுப்புக் குதிரை நடுக்களத்துக்குத் தாவி, காய்களை மாற்றிக்கொள்ள அழைக்கிறது. 11-ஆவது நகர்த்தலுக்குள் ஒரு ஜோடி பிஷப்பும் ஒரு ஜோடி குதிரையும் பலகையை விட்டுப் போய்விட்டன. நெருக்கடியில் இருந்த கறுப்புக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. தாக்குதலுக்குப் பேர்போன தொபலோவின் கையில் அதற்கான காய்கள் குறைந்தன.

அப்படியானால் திறப்பிலேயே ஆனந்த் வென்றுவிட்டாரா? இல்லை. ஆட்டம் நெடுநேரம் சமநிலையில்தான் இருந்தது. 31, 32-ஆவது நகர்த்தல்களில் தொபலோவ் அடுத்தடுத்து இரண்டு சிப்பாய்களை வெட்டித் தம் ராஜாவின் பக்கத்தைத் தாமே திறந்துவிட்டார். கறுப்பு ராணியும் பிஷப்பும் நீண்ட மூலைவிட்டத்தில் பாய்ந்தன; 56-ஆவது நகர்த்தலில் ஆனந்த் வென்று பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார். திறப்பு வெற்றியைத் தரவில்லை என்றால் அதைப் படிப்பானேன் என்று கேட்கலாம். சமநிலை என்பதே அன்று கறுப்புக்கு லாபம். ஆட்டம் டிராவானால் அடுத்து விரைவு ஆட்டங்கள்; அதில் ஆனந்த் கைதேர்ந்தவர். ஆகவே துணிந்து ஆட வேண்டிய கட்டாயம் வெள்ளைக்கே வந்தது. என் கணிப்பில் லாஸ்கர் தடுப்பாட்டத்தின் முழுப் பயனும் அந்தக் கட்டாயம்தான்.

கணினி வந்தபின் எல்லாம் மனப்பாடம்தானே என்பது இன்னொரு வாதம். மனப்பாடம் வேண்டும், அதை மறுக்க முடியாது. ஆனால் நமக்குப் பக்கத்தில், சிங்கப்பூரில், 2024 டிசம்பர் 12 அன்று இந்தியாவின் குகேஷ் உலகப் பட்டம் வென்ற 14-ஆவது ஆட்டத்தைப் பாருங்கள். திறப்பு முடிந்து வெகுநேரம் கழித்து, எவரும் மனப்பாடம் செய்திருக்க முடியாத 55-ஆவது நகர்த்தலில், அவருடைய எதிராளி டிங் லிரென் கோட்டையைத் தவறான கட்டத்தில் வைத்தார். குகேஷ் கோட்டைகளையும் பிஷப்புகளையும் மாற்றிக்கொள்ள வைத்தார். மிஞ்சிய சிப்பாய் ஆட்டம் அவருக்கு வெற்றி.