பதினேழரை ஜோடி நாய்கள்

இங்கிலாந்தின் நரி வேட்டைக்காரர்கள் நாய்களைக் 'கப்பிள்' கணக்கில்தான் எண்ணுவார்கள். முப்பத்தைந்து நாய்கள் என்றால் பதினேழரை கப்பிள். அந்த அரை, ஜோடி கிடைக்காத ஒற்றை நாய். பழகாத இளம் நாயை அனுபவசாலி நாயோடு கழுத்துப்பட்டையில் பிணைத்து நடத்திப் பழக்குவார்கள். அந்தப் பிணைப்புக்கும் கப்பிள் என்றுதான் பெயர். லத்தீனில் 'கோபுலா' என்றால் கட்டு. கணவன் மனைவியைக் குறிக்கும் கப்பிளும், ரயில் பெட்டிகளுக்கு இடையே இருக்கும் கப்ளிங்கும் அதன் வாரிசுகளே.

'பேர்' வேறு வம்சம். மூலச் சொல்லான 'பார்' சமம் என்று பொருள்படும். செருப்பு, கையுறை, கம்மல் எல்லாம் பேர். ஒன்று தொலைந்தால் மற்றதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கத்தரிக்கோல் ஒரே பொருள்தான், ஆனால் அலகு இரண்டு என்பதால் அதுவும் பேர். கிரிக்கெட்டில் இரண்டு இன்னிங்ஸிலும் ரன் எடுக்காமல் அவுட்டானால் அதுவும் பேர். ஸ்கோரில் நிற்கும் இரண்டு பூஜ்யமும் மூக்குக் கண்ணாடி போலத் தெரிந்ததால் வந்த கேலி அது. இலங்கையின் மார்வன் அத்தப்பத்து 1990இல் சண்டிகரில் தன் முதல் டெஸ்டிலேயே பேர் வாங்கினார். பிறகு ஆறு இரட்டைச் சதம் அடித்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

'பிரேஸ்' பழைய பிரெஞ்சில் இரண்டு கைகளைக் குறித்த சொல். சுட்டு வீழ்த்திய காட்டுக்கோழிகளை இன்றும் பிரேஸ் கணக்கில் எண்ணுகிறார்கள். ஒரே ஆட்டக்காரர் இரண்டு கோல் போட்டால் கால்பந்துச் செய்தியிலும் பிரேஸ்தான். கைத்துப்பாக்கிக்கும் பொருந்தும் இந்தச் சொல்லை மணமக்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள்.

ஏர்மாடுகளுக்கு 'யோக்'. நுகத்தடியின் பெயரே மாடுகளுக்கும் ஆகிவிட்டது. வடமொழியின் யுகமும் யோகமும் இதற்கு உறவு. அமெரிக்காவிலும் தென்னாப்பிரிக்காவிலும் வண்டி இழுக்கும் ஜோடியை 'ஸ்பேன்' என்பதுண்டு. அது டச்சுக்காரர்கள் கொடுத்தது.

இவற்றில் எனக்கு வேடிக்கையாகப் படுவது கப்பிள்தான். கட்டு என்று பிறந்த சொல், இன்று எல்லாவற்றையும்விடத் தளர்ந்து கிடக்கிறது. 'கப்பிள் ஆஃப் டேஸ்' என்றால் இரண்டு நாளாக இருக்கலாம், நாலாகவும் இருக்கலாம். பேர் அப்படி நழுவவில்லை. 'பேர் ஆஃப் டேஸ்' என்று யாரும் சொல்வதுமில்லை. நாள்கள் ஒன்றுக்கொன்று ஈடான ஜோடியாகப் பிறப்பதில்லையே. ஆகவே பழுதுபார்க்கக் கொடுத்த லேப்டாப் 'கப்பிள் ஆஃப் டேஸில்' கிடைக்கும் என்று கடைக்காரர் சொன்னால், மூன்றாம் நாள் காலையில் போய் நிற்காதீர்கள்.