திரும்பும் நாள், திரும்பாத மறதி

தோழியரே, ‘இன்று நேற்று நாளை’ (2015) படத்தில் காலயந்திரம் ஆளையே கடந்த காலத்துக்குக் கொண்டுபோகிறது. அதனால் ஒரே நாளில் ஒருவர் இருவராகும் சிக்கல் உண்டு. ‘மாநாடு’ (2021) படத்தில் அது இல்லை. அப்துல் காலிக் இறந்தால் அதே நாள் மறுபடி தொடங்கும். அவனோடு திரும்புவது நினைவு மட்டுமே.

பின் வில்லன் தனுஷ்கோடிக்கும் எப்படி நினைவிருக்கிறது? காலிக்கின் இரத்தம் அவனில் கலந்ததால் என்கிறது படம். இது அறிவியல் அன்று, கதையின் விதி. எதிரியும் மறக்காததால்தான் போட்டி சமமாகிறது. முதலமைச்சரைக் கொன்று, முஸ்லிம்கள் மீது பழிபோட்டுக் கலவரம் மூட்டும் சதியைத் தடுக்க, காலிக் ஒவ்வொரு தோல்விக்கும் உயிரையே விலையாகக் கொடுக்கிறான்.

நம் தோட்டத்திலும் தினம் அதே பெரட்டு, அதே மலை, அதே கொழுந்து. நேற்றுக் கற்றதை மறக்காதவளுக்கே நாளை வேறாகும்.